ஜூன் 12-ஆ, ஆடி கழித்தா? கடைமடையிலிருந்து ஒரு கணக்கு

மே மாதம் பிறந்தால் எங்கள் ஊர் டீக்கடையில் பேச்சு "டேம் எவ்வளவு?" என்றுதான் தொடங்கும். டேம் என்றால் மேட்டூர், பேரைச் சொல்ல வேண்டியதே இல்லை. செல்போனில் அன்றைய நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா பீடியையே பற்ற வைப்பார். தொண்ணூறுக்கு மேல் என்றால் பீடி நிதானமாக எரியும். எழுபது என்றால் பாதியில் நசுக்கிப் போட்டுவிடுவார்.

இந்த முறை விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊர் சார்பில் ஒரு மனு கொடுப்பது என்று முடிவானது. என்ன கேட்பது என்பதில்தான் சண்டை. "வழக்கப்படி ஜூன் 12-ல தொறந்தே ஆகணும்" என்று பெரிய கூட்டம் ஒன்று. "குறுவையே வேணாம், ஆடி கழிச்சு சம்பாவுக்குத் தொறந்தா போதும்" என்று ஏழெட்டுப் பேர். "தேதிக்குத் தொறக்கட்டும், ஆனா முறை வச்சு விடட்டும்" என்று நடுவில் ஒரு கட்சி. குறுவை என்பது ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல், சம்பா என்பது ஆகஸ்டில் தொடங்கி ஜனவரியில் அறுக்கும் நீண்ட கால நெல். முறை வைப்பது என்றால் ஆற்றுக்கு ஆறு நாள் பிரித்து மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவது. எழுதத் தெரிந்தவன் என்று பேனாவை என்னிடம் தள்ளிவிட்டார்கள். மனு எழுதுவதற்கு முன் மூன்றையும் எனக்கே விளங்கும்படி போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குதான் இது. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. கல்லணையில் வெண்ணாற்றில் இறங்கும் தண்ணீர் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து, எத்தனையோ ஷட்டர் தாண்டி, எல்லோரும் குடித்து மிச்சம் வைத்த பிறகு எங்களிடம் வரும். ஆகவே நான் சொல்வது கடைமடைக்காரனின் கணக்கு. பாபநாசத்துக்காரர் வேறு மாதிரி போடுவார்.

ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் அந்த அளவு. குறுவைக்கு மேட்டூரிலிருந்து 12,000 கன அடி வரை விடுவார்கள். அதாவது நாளுக்கு ஒரு டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல். அணை 120 அடி ததும்பி நின்றால் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வகுத்துப் பாருங்கள், வரத்தே இல்லாவிட்டால் நிறைந்த மேட்டூர் தொண்ணூறு நாளில் காலி. 90 அடியில் இருப்பது ஏறக்குறைய 52 டி.எம்.சி., ஐம்பது நாளுக்குத்தான் வரும். அதிலும் குடிநீருக்கென்று அடியில் கொஞ்சம் நிறுத்தியாக வேண்டும். குறுவை நெல்லுக்கோ விதை விட்டதிலிருந்து அறுப்பு வரை 105 முதல் 115 நாள் ஆகும். தலைமடையும் கடைமடையும் ஒரே நாளில் நடுவதும் இல்லை. ஆகவே ஜூன் 12-ல் மதகைத் தூக்கும்போது அணையில் இருக்கும் தண்ணீரை நம்பி யாரும் தூக்குவதில்லை. இனிமேல் வரப்போகிற தண்ணீரை நம்பித்தான் தூக்குகிறார்கள்.

வரப்போகிற தண்ணீருக்குத் தாளில் கணக்கு உண்டு. கர்நாடகம் வருஷத்துக்குத் தர வேண்டியது 192 டி.எம்.சி. என்று 2007-ல் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பில் சொன்னது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் அளந்து தர வேண்டியது ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76. நாலையும் கூட்டினால் 123.14, குறுவைக்குப் போதும் என்று தோன்றும். ஆனால் ஜூன் பங்கை மட்டும் பாருங்கள். 9.19 என்பது நம் திறப்பில் ஒன்பது நாள் கூட முழுதாக வராது. மிச்சமெல்லாம் தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் எப்படிப் பெய்கிறது என்பதைப் பொறுத்தது. கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி நாலும் நிரம்பினால் அவர்களால் பிடித்து வைக்க முடியாது, கேட்காமலே வந்து சேரும். நிரம்பாத வருஷம் மண்டியா விவசாயியும் நம்மைப் போலவே காலையில் எழுந்ததும் அணை அளவைத்தான் பார்ப்பான். அவனும் வயலை வைத்துக்கொண்டுதான் இருக்கிறான். பற்றாக்குறை வருஷத்தில் எந்த விகிதத்தில் குறைத்துக்கொள்வது என்பதற்கு இரண்டு மாநிலமும் மனமொத்து ஏற்ற வாய்ப்பாடு இன்னும் இல்லை. காவிரி மேலாண்மை ஆணையம் 2018-ல் வந்த பிறகும் ஒவ்வொரு பதினைந்து நாளுக்கும் ஒரு பஞ்சாயத்துதான்.

தேதிக்குத் திறந்தால்

ஜூன் 12-க்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. இரண்டு போகம் கிடைக்கும். அதைவிட முக்கியம், நிலமில்லாதவர்களுக்கு வேலை கிடைக்கும். சம்பா ஒன்று மட்டும் என்றால் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை நடவாட்களுக்கு இங்கே கைக்கு வேலை இல்லை, திருப்பூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஓடினால் குளம், கிணறு, அடிபம்பு எல்லாவற்றிலும் தண்ணீர் ஊறும். எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான். ஆற்றுத்தண்ணீர் ஓடும் மாதங்களில்தான் அந்த உப்பு கொஞ்சம் இறங்கும். ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் இருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குழாயடியில் நின்று முளைப்பாரி கரைத்த வருஷங்களை எங்கள் வீட்டுப் பெண்கள் மறக்கவில்லை.

அணையும் காலமும் ஒத்துழைத்த வருஷங்கள் உண்டு. 2020-ல் எட்டு வருஷத்துக்குப் பிறகு ஜூன் 12-ல் திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் முறை. ஜூன் 12 என்ற தேதியில் எனக்குக் கோபமில்லை. எந்த வருஷத்து ஜூன் 12 என்பதுதான் என் கேள்வி.

2023-ஐ எடுத்துக்கொள்வோம். அணை 103 அடிக்கு மேல், தேதி தப்பவில்லை, கல்லணையில் பூவும் நெல்லும் தூவினார்கள். நம்பாமல் இருக்க என்ன காரணம்? எனக்கு ஒன்பது மா, அதாவது மூணு ஏக்கர். ஒன்பதிலும் குறுவை. தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்தபோது ஜூன் முடிந்துவிட்டது. ஜூலை முதல் வாரம் நாற்று விட்டேன், கடைசியில் நட்டேன். ஆகஸ்டிலிருந்தே திறப்பைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். மேலே இருந்து வரத்து இல்லை. ஆணையம் 5,000 கன அடி வீதம் 15 நாள் என்று சொன்னது. அதைக் கூட்டினால் மொத்தமே ஆறரை டி.எம்.சி.தான், நமக்கு ஆறு நாள் செலவு. அதுக்கே கர்நாடகத்தில் பந்த்.

செப்டம்பர் கடைசியில் என் பயிர் பால் பிடிக்கிற பருவம். நெல்லுக்குத் தண்ணீர் எப்போது இல்லாமல் போகலாம், எப்போது போகவே கூடாது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும். வடிகாலில் தேங்கிக் கிடந்த தண்ணீருக்கு ஆயில் இன்ஜின் வைத்தேன். மூன்று நாளில் அதுவும் கலங்கிச் சேறாகி, குழாயில் ஆகாயத்தாமரை வேர்தான் ஏறியது. கதிரைப் பிடித்து விரலால் நசுக்கினால் பால் வர வேண்டும், வெறும் உமிதான் மடங்கியது. ஆறு மா தேறியது, மூணு மா பதர். அக்டோபர் 10-ல் பாசனத்துக்கு மேட்டூரை மூடினார்கள், மட்டம் 30 அடிக்குப் பக்கத்தில். குறுவைக்குச் செலவான தண்ணீர் போக, சம்பாவுக்கு ஒன்றுமில்லை. அந்த வருஷம் இரண்டு போகம் என்று நம்பி, ஒரு போகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கண்டேன்.

இதில் யாரும் அதிகம் பேசாத இன்னொரு விஷயம் அறுப்புத் தேதி. ஜூன் 12-ல் திறந்த தண்ணீர் மூன்று நாளில் கல்லணைக்கு வந்துவிடும். கும்பகோணம், பாபநாசம், மயிலாடுதுறைப் பக்கம் போர்த்தண்ணீரில் மே மாதமே நாற்று விட்டிருப்பார்கள். அவர்களுக்கு ஆற்றுத்தண்ணீர் ஒரு துணை. செப்டம்பர் வெயிலில் அறுத்து, காயவைத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எங்களுக்குத் தண்ணீர் ஜூன் கடைசி. ஜூன் 30-ல் விதை விட்டால், 110 நாள் ரகம், அறுப்பு அக்டோபர் 18. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. மேலே பெய்த நல்ல மழையும் நிறைந்த அணையும் சேர்ந்து வந்த வருஷத்திலும், எங்கள் குறுவை நெல் சாலையில் தார்ப்பாய்க்கு அடியில் முளைவிடுவதற்குக் காரணம் இதுதான். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. மழையில் நனைந்த நெல் எங்கே 17-க்கு வரும்? ஒவ்வொரு வருஷமும் தளர்வு கேட்டு மனு, மத்தியக் குழு வருகை, அதற்குள் நெல்லில் வேர். அதே தேதியில் திறந்த ஒரே தண்ணீர் தலைமடையில் வெயில் அறுப்பு, கடைமடையில் மழை அறுப்பு.

ஆடி கழித்துத் திறந்தால்

இரண்டாவது கட்சிக்கு எங்கள் ஊரில் நல்ல பேர் இல்லை. "தண்ணிய வேணாம்னு சொல்ற விவசாயி இவனுவோதான்" என்று சிரிப்பார்கள். ஆனால் அவர்கள் சொல்வதை எடை போட்டால் கனமாகத்தான் இருக்கிறது.

ஜூன், ஜூலையில் தண்ணீரைத் தொடாமல் அணையில் சேர விட்டு, ஆகஸ்ட் நடுவில் திறப்பது. வயலைக் கோடை உழவு போட்டு வைத்து, புழுதி விதைப்பாக, அதாவது காய்ந்த மண்ணில் நேரே விதைத்து, சம்பா. சேற்றுழவுக்கும் நாற்றங்காலுக்கும் போகிற தண்ணீர் மிச்சம், நடவுக் கூலி மிச்சம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவுக்குப் பெய்கிற மழைதான் ஆண்டு மழையில் பெரும்பங்கு. சம்பாவின் பாதி வயசு அந்த மழையிலேயே கழியும். அதாவது ஒரு மூட்டை நெல்லுக்கு அணையிலிருந்து எடுக்கும் தண்ணீர் குறுவையைவிடக் குறைவு. சி.ஆர். 1009 மாதிரி நீண்ட கால ரகம் என்றால், அதில் வெள்ளம் தாங்கும் வகையான சப்-1 விதை கிடைத்தால், இரண்டு வாரம் மூழ்கினாலும் தாங்கும். இன்னொன்று உளுந்து. ஜனவரியில் சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் வயல் ஈரத்தில் உளுந்து தெளித்துவிட்டால், தண்ணீர் செலவில்லாமல் ஒரு வருமானம். குறுவைக்குப் பின் அதே வயலில் இரண்டாம் போகமாகத் தாளடி போட்டவனுக்கு அறுப்பு பிப்ரவரி கடைசிக்குப் போய்விடும், உளுந்துக்கு ஈரமும் இருக்காது, பட்டமும் இருக்காது. அறுப்பு மிஷின் ஏறி உளுந்து முளை நசுங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் மிஷின் வந்த பிறகு நசுங்காத எது இருக்கிறது.

2024-ஐப் பாருங்கள். ஜூன் 12-ல் திறக்கவில்லை. ஜூலை முதல் பாதியில் அணை 50 அடிக்குக் கீழே. எங்கள் ஊரில் அந்த வருஷம் போய்விட்டது என்றே பேசினோம். பிறகு குடகில் பிடித்த மழையில் ஜூலை 28-ல் திறந்தார்கள், ஜூலை 30-ல் அணை 120 அடி. எதிர்பார்த்துக் காத்திருந்ததல்ல அது, கதியில்லாமல் காத்திருந்தது. இருந்தாலும் எங்கள் பக்கத்துக்கு அந்த வருஷம் தண்ணீர்க் கவலை இல்லாத சம்பா.

ஆனால் அதே 2024-லேயே இந்த வழிக்கு எதிரான சாட்சியும் இருக்கிறது. நிறைந்த அணையில் அடுத்து வந்த வெள்ளத்துக்கு இடமில்லை. முக்கொம்பில் திருப்பிக் கொள்ளிடத்தில் விட்டார்கள், அத்தனையும் கடலுக்கு. அணையைப் பொத்திப் பொத்தி வைத்தால், நல்ல மழை வருஷத்தில் ஆகஸ்டில் வருவதைப் பிடிக்க முடியாது. ஜூனில் திறந்திருந்தால் அந்த அளவுக்கு இடம் இருந்திருக்கும் என்று ஜூன் 12 கட்சி வாதாடும்போது என்னிடம் பதில் இல்லை.

புழுதி விதைப்பில் களை பெரிய தொல்லை. கோரையும் குதிரைவாலிப் புல்லும் நெல்லோடு போட்டி போட்டு வரும். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, மருந்து அடித்தால் செலவு. ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போய் விதைத்தால் அக்டோபர் முதல் மழையில் குட்டைப் பயிர் மூழ்கும். இன்னும் தள்ளிப்போனால் அந்தப் பக்கம் ஜனவரி 28 நிற்கிறது. வழக்கப்படி அன்றோடு மேட்டூர் மூடல். 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2 என்று திறந்த வருஷங்களில் எங்கள் பயிர் கதிர் வாங்கும்போது ஆறு வற்றத் தொடங்கிவிட்டது. 2012 முதல் 2019 வரை நாம் வாழ்ந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிதான். ஆனால் யாரும் முன்கூட்டி 'இந்த வருஷம் சம்பா மட்டும்தான்' என்று சொல்லி, விதையும் தண்ணீர்த் தேதியும் உறுதி செய்து தந்த வழியல்ல. ஜூன் முழுக்க 'இன்னும் முடிவாகவில்லை', ஜூலை முழுக்க 'பரிசீலனையில்'. நாற்று விடலாமா என்று தவித்தே ஆடிப்பட்டம் போகும்.

முறை வைத்தால்

மூன்றாவதைக் கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். இருக்கிற தண்ணீரைப் பங்கு போட்டு, சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு, கல்லணைக் கால்வாய்க்கு அதன் பங்கு. எல்லாருக்கும் கொஞ்சம். காரைக்காலுக்கும் அதன் பங்கு போக வேண்டும்.

வாய்க்காலில் இறங்கி நின்று பார்த்தவர்களுக்குத்தான் இதன் கோளாறு தெரியும். ஒரு வாய்க்காலில் பாதித் தண்ணீர் வந்தால் பாதி வயலுக்குப் பாயும் என்பது காகிதக் கணக்கு. வாய்க்கால் ஒரு மட்டத்துக்கு நிரம்பினால்தான் தண்ணீர் மதகு ஏறும். அதற்குக் கீழே ஓடினால் நம் வயலை ஒட்டியே ஓடும், கால் நனையும், வயலுக்குள் வராது. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் வாய்க்கால் வெடித்துக் காய்ந்துவிடும். அடுத்த தண்ணீர் முதலில் அந்த வெடிப்பைக் குடித்துவிட்டுத்தான் நகரும். எங்கள் முறை என்று சொல்லப்பட்ட ஒரு ராத்திரி, டார்ச்சோடு தலைப்பில் போய் உட்கார்ந்திருந்தோம். பதினோரு மணிக்கு நுரையும் சருகுமாகத் தண்ணீர் தலையைக் காட்டியது. விரல் நுனி உயரம், பிறகு கணுக்கால். ஷட்டரைக் கவனிக்கும் லஸ்கர் அதைத் தூக்கிவிட்டு "இதான் மாமா வருது, நான் என்ன பண்றது" என்றார். விடியும்போது முழங்கால் அளவு வந்தது. மேலே யாரோ குறுக்கே பனைமரத் துண்டைப் போட்டு அடைத்தார்களோ என்னவோ, எட்டு மணிக்கு மறுபடி கணுக்கால். எங்கள் மதகுக்கு இன்னும் அரை அடி வேண்டும். முறை முடிந்துவிட்டது. முறை என்பது ஆறு நிறைய ஓடும்போது சண்டையைக் குறைக்கும். ஆறு குறைவாக ஓடும்போது தலைமடைக்கு மட்டும் பாசனம் தரும், கடைமடைக்கு நம்பிக்கை மட்டும் தரும். நம்பி நட்டவன்தான் கெட்டான். ஆகவே பற்றாக்குறைக்கு மருந்தாக முறையைக் கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று வழியில் எங்களுக்கு மோசமானது இதுதான்.

பாபநாசத்தில் இருக்கும் மச்சானிடம் இதையெல்லாம் போனில் படித்துக் காட்டினேன். "ஏன் மாப்ள, தண்ணி தொறக்க வேணாம்னு நீயே எழுதிக் குடுப்பியா? அப்பறம் ஒரு வருஷம் விட்டா அடுத்த வருஷமும் உங்களுக்குத் தேவையில்லன்னு எழுதிருவாங்க" என்றார். கேலியாகச் சொன்னாலும் அந்தப் பயம் நியாயமானது. உரிமையை ஒருமுறை விட்டால் ஆவணத்தில் அது பழக்கமாகிவிடும், மேலே இருப்பவர்களும் அதையே காட்டுவார்கள். ஜூன் மாதம் 9.19-ஐயும் ஜூலையின் 31.24-ஐயும் கேட்டுப் பிலிகுண்டுலுவில் வாங்கி அணையில் சேர்ப்பது வேறு, அதை உடனே வாய்க்காலில் இறக்குவது வேறு. இரண்டையும் பிரித்து எழுத வேண்டும் என்று அவரிடம் பேசிய பிறகுதான் தோன்றியது.

மனுவில் இப்படி எழுதியிருக்கிறேன். மே 25-க்குள் அணை 90 அடிக்கு மேல் இருந்து, தென்மேற்கு மழையும் தொடங்கிவிட்டது என்றால் ஜூன் 12-ல் முழுத் திறப்பு, எல்லாருக்கும். அப்படித் திறந்தால் மட்டம் எந்த அளவுக்கு இறங்கினால் எந்தெந்த ஆற்றுக்கு எப்போது குறைப்பார்கள் என்பதையும் திறக்கிற அன்றே சொல்லிவிட வேண்டும். 90-க்குக் கீழே என்றால், போர் வசதி உள்ள பகுதிக்குக் குறுவை, ஆற்றுத்தண்ணீர் அங்கே துணைக்கு மட்டும். வெண்ணாற்றின் கடைமடைக்கு அந்த வருஷம் சம்பா மட்டும் என்று மே மாதமே அறிவிப்பு, ஜூலைக்குள் விதை, ஆகஸ்ட் 15-க்குத் திறக்கும்போது கடைமடை வாய்க்கால் நிரம்பிய பிறகே மேல் ஷட்டர்கள். இந்தக் கடைசி வரியைப் படித்ததும் சித்தப்பா சிரித்தார். "இத மட்டும் பண்ணிட்டாங்கன்னா மத்த எதையும் கேக்கவே வேணாமே." நடவாட்களுக்கு அந்த மாதங்களில் வேலை என்ன என்பதற்கு மனுவில் ஒரு வரி எழுதினேன். தூர்வாரும் வேலையை மிஷினுக்கு மட்டும் விடாமல் நூறுநாள் ஆட்களுக்கும் கொடுங்கள் என்று. அது போதாது என்று எனக்கே தெரிகிறது.

கூட்டத்தில் இருபத்தொன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஜூன் 12 கட்சியில் ஒன்பது பேர் போடவில்லை. தனி மனு கொடுக்கிறார்களாம், கொடுக்கட்டும்.

என் ஒன்பது மாவைப் பற்றியும் முடிவு செய்துவிட்டேன். அணை 90-க்குக் கீழே இருந்தால் எல்லாவற்றிலும் புழுதி விதைப்பு, சப்-1 விதைக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். மேலே இருந்தால் வாய்க்காலை ஒட்டிய மூணு மாவில் மட்டும் குறுவை, மிச்சத்தில் சம்பா. மூணு மா பதரானால் உளுந்தில் சமாளித்துக்கொள்ளலாம். நேற்று 84 அடி.